மோதாத பொருள் எப்படித் திரளும்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில், தமிழ்ப் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். உபஜில்லா சாஸ்திர மேளாவுக்கு (வட்டார அளவிலான பள்ளி அறிவியல் கண்காட்சி) கரும்பொருளைப் பற்றி, அதாவது கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் டார்க் மேட்டரைப் பற்றி, ஒரு மாடல் செய்கிறோம். நடுவில் ஒரு கேலக்ஸி, சுற்றிலும் கருப்புப் பெயின்ட் அடித்த தெர்மோகோல் பந்துகள். பாதி வேலையில் ஒரு பிளஸ் ஒன் மாணவி கேட்டாள்: "கரும்பொருள் எதுமேலயும் மோதாதுன்னா அது எப்படி டீச்சர் ஒரே இடத்துல தங்கும்? ஊடுருவிப் போய்க்கிட்டே இருக்காதா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நடுவர்களும் இதையே கேட்பார்கள் என்று தோன்றுகிறது. ஸ்டில் மாடலை வொர்க்கிங் மாடலாக மாற்ற ஏதாவது வழி உண்டா?

பதில்: டீச்சர், மேளாவில் அந்த மாணவியையே பேச விடுங்கள். அவள் கேட்டதில் பாதி, கேள்வி அல்ல, சரியான விடை. கரும்பொருள் துகள் ஊடுருவிப் போய்க்கொண்டேதான் இருக்கிறது. ஈர்ப்பு இழுக்க மையத்துக்குள் விழும், அங்கே எதிலும் முட்டாமல் மறுபக்கம் வெளியேறும், வேகம் தீர்ந்ததும் திரும்ப விழும். உராய்வே இல்லாத ஊஞ்சல் மாதிரி. கேலக்ஸியைச் சுற்றியிருக்கும் கரும்பொருள் மூட்டத்துக்கு ஹாலோ என்று பெயர். அதில் எந்தத் துகளும் ஓரிடத்தில் குடியிருப்பதில்லை. எந்த நேரத்தில் எண்ணினாலும் மையத்துக்கருகே நெருக்கமாகவும் வெளியே கலைவாகவும் இருக்கிறது, அவ்வளவுதான்.

மீதிப் பாதிதான் சிக்கல். பரவிக் கிடந்தது முதலில் எப்படிச் சுருங்கியது? எல்லாத் துகள்களும் ஒன்றாக உள்ளே விழும்போது மையத்தின் ஈர்ப்பு நேரத்துக்கு நேரம் மாறுகிறது. ஒரு துகள் விழுகிறபோது ஈர்ப்பு குறைவாக இருந்து, அது வெளியேறும் நேரத்துக்குள் கூடிவிட்டால், விழுந்த உயரத்துக்கு அதனால் ஏற முடியாது, ஆற்றலை இழந்துவிட்டது. வேறொன்றுக்கு நேர்மாறாக நடக்கும், அது வெளியே வீசப்படும். ஒன்றையொன்று தொடாமலேயே ஆற்றல் இப்படிக் கைமாறுகிறது. 1967இல் டொனால்ட் லிண்டன்-பெல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். ஏறக்குறைய அசைவற்ற ஒரு துகள் உருண்டை இப்படி விழுந்து அடங்கினால், தொடக்க அளவில் சுமார் பாதியில் நின்றுவிடும். அதற்கு மேல் சுருங்க வேண்டுமானால் ஆற்றலை எங்காவது கொட்ட வேண்டும். கரும்பொருளுக்கு அந்த வழி இல்லை.

வாயுவுக்கு உண்டு. அணுக்கள் மோதும், ஒளியை உமிழும், குளிரும், மேலும் உள்ளே இறங்கும். சுழற்சி மட்டும் மிஞ்சுவதால் கடைசியில் தட்டாகப் படியும். அதனால்தான் நம் பால்வெளியின் விண்மீன்கள் சுமார் 1 லட்சம் ஒளியாண்டு அகலமுள்ள தட்டில் இருக்க, கரும்பொருள் அதைவிடப் பல மடங்கு பெரிய உருண்டையாகச் சூழ்ந்திருக்கிறது. தட்டு, உருண்டை என்ற இந்த வடிவ வேறுபாடே மோதுகிற பொருளுக்கும் மோதாத பொருளுக்கும் உள்ள வேறுபாடுதான். ஆகவே உங்கள் மாடலின் அமைப்பு சரி. பெயின்ட்தான் தப்பு. கரும்பொருள் ஒளியை விழுங்குவதில்லை, ஒளி அதன் வழியே தடையின்றிப் போகிறது. கண்ணாடி மணிகளோ கலர் இல்லாத பிளாஸ்டிக் மணிகளோ வாங்கிக் கோத்துவிடுங்கள்.

இனி, பிள்ளைகள் குழப்பிக்கொள்கிற ஒரு விஷயம். "கரும்பொருள் வினைபுரியாது" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எதோடு? ஒளியோடா, நம் அணுக்களோடா, தன்னோடேவா? மூன்றும் தனித்தனிக் கேள்விகள், மூன்றுக்கும் தனித்தனிச் சோதனைகள்.

ஒளியோடு வினைபுரியாததால் என்ன ஆயிற்று என்று பாருங்கள். பிரபஞ்சத்துக்கு 3,80,000 வயதிருக்கும்போது கிளம்பிய ஒளிதான் இன்று வானமெங்கும் இருந்து மெல்லிய நுண்ணலைப் பின்னணியாக வருகிறது. அதில் இடத்துக்கிடம் தெரியும் ஏற்ற இறக்கம் லட்சத்தில் ஒரு பங்கு. அதுவரை சாதாரணப் பொருள் ஒளியின் அழுத்தத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. திரள முயன்ற போதெல்லாம் ஒளி அதைத் தள்ளிக் கலைத்தது. அதன் பிறகு இன்றுவரை பிரபஞ்சம் விரிந்தது சுமார் 1,100 மடங்கு. தொடக்கக் காலத் திரட்சிகளும் ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் வளர முடியும். லட்சத்தில் ஒன்றை ஆயிரத்தால் பெருக்கினால் நூறில் ஒன்று. அதாவது, சாதாரணப் பொருளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இன்றைய பிரபஞ்சத்தில் சராசரியைவிட ஒரு சதவீதம் அடர்ந்த வாயு மேடுகள்தான் இருக்கும். கேலக்ஸி ஒன்றுகூட இருக்காது. ஒளியின் பிடியில் சிக்காத கரும்பொருள் அதற்கு முன்பே திரண்டு ஈர்ப்புக் குழி தோண்டத் தொடங்கிவிட்டது. ஒளியின் பிடி விட்டதும் வாயு அந்தத் தயார்க் குழிகளில் விழுந்தது. மேளாவில் ஒரே ஒரு கணக்கைத்தான் சார்ட்டில் எழுத முடியும் என்றால், இந்தப் பெருக்கலை எழுதுங்கள்.

துகள்களின் வேகமும் பொருட்டு. 1980களில் நியூட்ரினோ என்ற மிக லேசான துகள்தான் கரும்பொருள் என்று பலர் நம்பினார்கள். ஆனால் அவ்வளவு வேகமாக ஓடும் துகள் சிறு குழிகளைத் தாண்டி ஓடி, அவற்றை நிரவிவிடும். அப்படியானால் பெரிய கேலக்ஸிக் கூட்டங்களின் அளவுள்ள திரள்கள் முதலில் பிறந்து, பிறகு உடைந்து கேலக்ஸிகளாக வேண்டும். வானம் அதற்கு நேர் எதிர். கேலக்ஸிகள் முதலில் வந்தன, கூட்டங்கள் பின்னால் சேர்ந்தன.

இரண்டாவது கேள்வியைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது மூன்றாவது, மாணவி கேட்டதன் உயிர்நாடி. கரும்பொருள் தன்னோடு சிறிதளவாவது மோதுமா? மோதவே இல்லை என்று வைத்துச் செய்த கணினிக் கணக்குகளில், 1996இல் நவாரோ, ஃப்ரெங்க், ஒயிட் மூவரும் ஒரே மாதிரியான வடிவத்தைக் கண்டார்கள். மையத்தை நெருங்க நெருங்க அடர்த்தி கூர்முனையாக ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் குள்ளக் கேலக்ஸிகள் பலவற்றில் அளந்து பார்த்தால் மையம் கூராக இல்லை, மழுங்கி இருக்கிறது. 2000இல் ஸ்பெர்கலும் ஸ்டைன்ஹார்ட்டும் ஒரு யோசனை வைத்தார்கள்: கரும்பொருள் தனக்குள் மோதினால் வெளியில் வேகமாக ஓடும் துகள்கள் மையத்துக்கு வெப்பத்தைக் கொண்டுவரும், கூர்முனை உப்பி மழுங்கும்.

அதற்குத் தேவையான மோதல் எவ்வளவு அரிது என்பதையும் பாருங்கள். ஒரு கிராம் கரும்பொருள் மற்றத் துகள்களுக்குக் காட்டும் இலக்கின் அளவை மோதல் பரப்பு என்பார்கள். கிராமுக்கு 1 சதுர சென்டிமீட்டர் என்ற மோதல் பரப்பை எடுத்துக்கொண்டால், ஒரு குள்ளக் கேலக்ஸியின் மையத்தில்கூட ஒரு துகள் ஏறக்குறைய 100 கோடி ஆண்டுக்கு ஒருமுறைதான் இன்னொன்றை முட்டும். ஆனாலும் கேலக்ஸியின் வயது 1,000 கோடி ஆண்டு அல்லவா, அந்தச் சில முட்டல்களே மையத்தின் வடிவத்தை மாற்றப் போதும். மோதல் இதைவிடக் கூடினால் கதை திரும்பும்: மையத்தின் வெப்பம் வெளியே கசிந்து, மழுங்கிய மையம் மறுபடி இறுகிச் சரியும்.

இதனால் மோதல் நிரூபணமாகிவிட்டது என்று மட்டும் பிள்ளைகள் சொல்லிவிட வேண்டாம். விண்மீன்கள் வெடிக்கும்போது வாயு சட்டென்று வெளியே அடித்துத் தள்ளப்படுகிறது. மையத்தின் ஈர்ப்பு அப்படித் திடீர் திடீரென்று மாறினாலும் கூர்முனை மழுங்கும். என்னைக் கேட்டால் இன்றைய நிலையில் இரண்டு விளக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் நேர்மை.

மோதலுக்கு மேல்வரம்பு போட்டது புல்லட் கூட்டம். சுமார் 400 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு கேலக்ஸிக் கூட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று பாய்ந்து வெளியேறியிருக்கின்றன. இரண்டின் வாயுவும் மோதி நடுவில் தேங்கிவிட்டது. சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கியில் அது பளிச்சென்று தெரிகிறது. அந்த வாயு அங்குள்ள விண்மீன்களைவிடப் பல மடங்கு நிறை கொண்டது. ஆனால் பின்னாலிருக்கும் கேலக்ஸிகளின் ஒளி ஈர்ப்பால் வளைவதை வைத்து 2006இல் வெளியிட்ட நிறை வரைபடத்தில் பெரும்பகுதி நிறை வாயுவோடு தேங்கவில்லை, கேலக்ஸிகளோடு சேர்ந்து முன்னே போய்விட்டது. கரும்பொருள் ஏறத்தாழத் தடையின்றிக் கடந்துவிட்டது. இதிலிருந்து கிடைத்த வரம்பு, கிராமுக்குச் சுமார் 1 சதுர சென்டிமீட்டர். கவனியுங்கள், மேலே சொன்ன குள்ளக் கேலக்ஸிக் கணக்கும் அதே இடத்தில்தான் உட்காருகிறது. கூட்டங்களில் துகள்கள் நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் போகின்றன, குள்ளக் கேலக்ஸியில் வெறும் சில பத்து. வேகம் குறைந்தால் மோதல் கூடும் வகைத் துகளாக இருக்கலாமோ என்று ஆராய்ச்சி இப்போது அந்தப் பக்கம் போகிறது.

புல்லட் கூட்டம் இருக்கும் திசையைப் பிள்ளைகளுக்குக் கைகாட்டலாம். பிப்ரவரி நடுவில் இரவு 9 மணிவாக்கில், உங்கள் ஊரிலிருந்து தெற்கே நெல்லியாம்பதி மலைப் பக்கம் பார்த்தால் அகத்திய நட்சத்திரம் மின்னும். தொடுவானத்திலிருந்து சுமார் 26 டிகிரி உயரம். அதற்கு இடது கீழே, நீட்டிய கையின் முஷ்டி அகலத்தில் பாதிக்குச் சற்று அதிகம் தள்ளி, அந்த இடம். கண்ணுக்கோ பள்ளித் தொலைநோக்கிக்கோ ஒன்றும் தெரியாது. ஆனாலும் சார்ட்டில் இருக்கும் படம் எங்கோ இல்லாத ஊர்ப் படமல்ல என்று பிள்ளைகளுக்கு உறைக்கும்.

வொர்க்கிங் மாடலுக்கு வருகிறேன். பள்ளி லேப்டாப்பில் பைத்தான் நிரல்மொழியும் அதன் கணக்குத் தொகுப்பான நம்பையும் (NumPy) இருந்தால் போதும். 1,000 துகள்களை ஒரு உருண்டைக்குள் தூவுங்கள். ஈர்ப்பு மாறிலி, மொத்த நிறை, ஆரம் மூன்றையும் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க அசையாமல் விட்டால் மையத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் குவிந்து கணக்கு பிசகும், ஆகவே சிறிது தாறுமாறான வேகம் கொடுங்கள். இரு துகள்கள் மிக நெருங்கும்போது விசை எகிறாமலிருக்க, தொலைவின் வர்க்கத்தோடு 0.05இன் வர்க்கத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் முதலில் மறப்பது இதைத்தான். மறந்தால் துகள்கள் பட்டாசு மாதிரி சிதறும். காலப்படி 0.005, மொத்தம் 1,200 படி, லீப்ஃபிராக் முறை (வேகத்தையும் இடத்தையும் மாறி மாறி நகர்த்தும் கணக்கு முறை). மொத்த ஆற்றல் ஓரிரு சதவீதத்துக்கு மேல் நகர்ந்தால் காலப்படியைப் பாதியாக்குங்கள்.

உருண்டை விழும், துள்ளும், பாதி அளவை ஒட்டி அடங்கும். மாணவியின் கேள்விக்கு அதுவே திரையில் பதில். அடுத்த ஓட்டத்தில் 160 துகள்களுக்கு வேறு நிறம் கொடுத்து வாயு என்று சொல்லுங்கள். பிரபஞ்சத்தின் மொத்தப் பொருளில் சாதாரணப் பொருளின் பங்கு ஏறக்குறைய அதுதான். எல்லாவற்றுக்கும் ஒரே அச்சில் சுழற்சி கொடுத்துவிட்டு, வாயுத் துகள்களின் மேல்-கீழ் வேகத்தையும் மையத்தை நோக்கிய வேகத்தையும் மட்டும் ஒவ்வொரு படியிலும் அரை சதவீதம் குறையுங்கள். சுழலும் வேகத்தில் கை வைக்காதீர்கள். உருண்டைக்குள் தட்டு படிவதைப் பார்க்கலாம். இந்த ஓட்டத்தில் ஆற்றல் மாறாமல் இருக்காது, நாம்தான் எடுக்கிறோம்.

கரும்பொருள் தனக்குள் மோதுவதை இதில் சேர்க்க ஆசைப்படாதீர்கள். 1,000 துகளில் மையம் துல்லியமாகத் தெரியாது, வருவது வெறும் இரைச்சல். அதற்குப் பதில் ஸ்பார்க் என்ற இலவசத் தரவுத் தொகுப்பில் 175 கேலக்ஸிகளின் சுழற்சி அளவுகள், அதாவது மையத்திலிருந்து எவ்வளவு தொலைவில் எவ்வளவு சுழலும் வேகம் என்ற கணக்கு, கிடைக்கின்றன. என்ஜிசி 3198, டிடிஓ 154 என்ற இரண்டு கேலக்ஸிகளையும் வரைந்து ஒட்டுங்கள். முதலாவது வெளியே போகப் போகவும் குறையாமல் நொடிக்கு 150 கிலோமீட்டரில் தட்டையாக ஓடும், கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு அதற்குப் போதாது, கரும்பொருள் உண்டு என்பதற்கு அது. இரண்டாவது மையத்திலிருந்து மெதுவாக ஏறும், மழுங்கிய மையத்துக்கு அது.

"அந்தத் துகளைப் பிடித்துவிட்டார்களா?" என்று நடுவர் கேட்டால், இல்லை என்று தயங்காமல் சொல்லச் சொல்லுங்கள். அமெரிக்காவிலும் இத்தாலியிலும் நிலத்தடியில் டன் கணக்கில் திரவ செனானை வைத்துக் காத்திருக்கும் கருவிகள் தேடுவது அது நம் அணுவைத் தொடும் தருணத்தை. மூன்று கேள்விகளில் அது இரண்டாவது. அதற்கு விடை வராவிட்டாலும் உங்கள் மாடலில் காட்டும் எதுவும் மாறாது, ஏனென்றால் அங்கே வேலை செய்வது ஈர்ப்பு மட்டும்.

ஓட்டங்களை முன்கூட்டியே வீடியோவாக்கி பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டாலில் நேரடியாக ஓட்டினால் நடுவர் நிற்கிற நேரத்துக்குள் முடியாது. வரைபடங்களின் அச்சுப் பெயர்களை மலையாளத்திலும் எழுதிவிடுங்கள்.