ரொறன்ரோ கடை வேலைச் சம்பளம் எப்படி ஏறுகிறது?

தம்பி, யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வரப்போகிறீர்கள், ரொறன்ரோவில் சூப்பர் மார்க்கெட் வேலை எடுத்தால் சம்பளம் வருடா வருடம் ஏறுமா, அதை வைத்துச் சமாளிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஏறும், ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை.

ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் கடை வேலைக்குப் பெரும்பாலும் அரசின் குறைந்தபட்சச் சம்பளத்தில்தான் தொடங்குவார்கள். 2017 கடைசியில் அது மணித்தியாலத்துக்கு 11.60 டொலர், 2018 ஜனவரியில் ஒரேயடியாக 14 ஆக்கினார்கள், அடுத்து வந்த அரசு இரண்டு வருடத்துக்கு மேல் அதை அசையவிடவில்லை, பிறகு 2022 ஜனவரியில் 15, 2025 ஒக்டோபரில் 17.60. இதை ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். வாடகையும் டொலரில்தான்.

பழைய ஆட்களின் பாடுதான் மோசம். நாலைந்து வருடம் நின்று இருபத்தைந்து சதம், ஐம்பது சதமாகக் கூட்டி வாங்கியிருப்பார்கள்; குறைந்தபட்சச் சம்பளம் ஏறுகிற அன்று நேற்று வந்த பெடியனும் கிட்டத்தட்ட அதே காசுக்கு வந்துவிடுவான். 2018 இல் எங்கள் கடையில் தேநீர் இடைவேளை முழுக்க இந்தப் புறுபுறுப்புத்தான். யூனியன் இருந்தால் கொஞ்சம் வித்தியாசம். கொரோனா தொடங்கியபோது பெரிய கடைகள் மணித்தியாலத்துக்கு 2 டொலர் கூடக் கொடுத்துவிட்டு 2020 ஜூனில் நிறுத்தின, அந்தக் கோபம் உள்ளே கிடந்தது. 2023 இல் ரொறன்ரோப் பக்கம் மெற்றோ என்ற சூப்பர் மார்க்கெட்டின் 27 கடைகளில் ஏறக்குறைய 3,700 பேர் ஒரு மாதம் வேலைநிறுத்தம் செய்து, முழுநேரக்காரருக்கு உடனே 1.50 டொலர் வாங்கினார்கள். சும்மா கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சம்பளத்தைவிட வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் தருவார்கள் என்பதைத்தான் முதலில் கேளுங்கள். நத்தாருக்கு அள்ளித் தருவார்கள், ஜனவரியில் வெட்டிவிடுவார்கள். 17.60 இல் 20 மணித்தியாலம் என்றால் வரிக்கு முன்னே 352 டொலர், அவ்வளவுதான். ரொறன்ரோவில் ஓரளவு மரியாதையாக வாழ மணித்தியாலத்துக்கு 26 டொலர் வேண்டும் என்று 2024 இலேயே கணக்குப் போட்டுவிட்டார்கள். மாணவர் விசா என்பதால் படிப்பு நடக்கும் காலத்தில் வாரம் 24 மணித்தியாலத்துக்கு மேல் கல்லூரிக்கு வெளியே வேலை செய்யவும் முடியாது. ஆகவே படிப்புக் காசையும் முதல் வருட வாடகையையும் இதிலிருந்து எடுக்கலாம் என்று கணக்குப் போட்டு விமானம் ஏறாதீர்கள்; சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் ஃபோனுக்கும் காணும்.