ஹார்ட் இல்லாத நாட்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட்டின் மேடை மனோதர்மம் உச்சத்தில் இருந்தது அதன் இரண்டு ட்ரம்மர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட் விலகியிருந்த வருடங்களில்தான் என்று எழுதியிருந்தீர்கள். 1977 மே கார்னெல் கச்சேரியைக் கேட்டவன் இதை எப்படி ஏற்பது? இரண்டு ட்ரம்மர்கள் என்றால் கற்பனையும் கூடத்தானே செய்யும்? கிதார் வாசிக்க கார்சியா இருக்கிறவரை மற்றவர்கள் யாராக இருந்தால் என்ன?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கார்னெல் எனக்கும் பிடிக்கும். ‘ஸ்கார்லெட் பெகோனியாஸ்’ நழுவி ‘ஃபயர் ஆன் தி மவுண்டன்’ ஆகிற இடத்தில் இரட்டை ட்ரம்ஸ் இல்லாவிட்டால் பாதி சுகம் போய்விடும். ஆனால் அங்கே போகிற இடம் தெரிந்தே போகிறார்கள். நான் சொன்னது அது தெரியாமல் வாசித்ததைப் பற்றி.

‘ப்ளேயிங் இன் தி பேண்ட்’ ஹார்ட்டும் சேர்ந்து உருவாக்கிய பாட்டு. 1971 பிப்ரவரி 18 அன்று போர்ட் செஸ்டரில் முதலில் மேடையேறியது. விலகுவதற்கு முன் ஹார்ட் வாசித்த கடைசிக் கச்சேரியும் அதுவே. அன்று ஐந்து நிமிடம் போல இருந்த பாட்டு 1974 மே 21, சியாட்டிலில் 46 நிமிடம் ஓடுகிறது.

ஹார்ட் இல்லாமல் ஒரே ட்ரம்மராக இருந்த பில் க்ரூட்ஸ்மன் தாளத்தை உடைக்கலாம், பாதியில் ஜாஸ் நடைக்குத் தாவலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. கார்சியா திரும்பினால் கூடவே திரும்புவார். இருவர் என்றால் முதலில் அவர்களுக்குள் ஒத்துப்போக வேண்டும். 1976இல் ஹார்ட் திரும்பியதும் பாடல்களின் வேகமே குறைந்துவிட்டது. அப்புறம், 1978 வாக்கில், ட்ரம்ஸுக்கும் அதையடுத்த ‘ஸ்பேஸ்’ பகுதிக்கும் தனி ஆவர்த்தனம் மாதிரி நிரந்தர இடம் ஒதுக்கிவிட்டார்கள். எந்தப் பாட்டுக்குள்ளும் புகுந்துகொண்டிருந்த கட்டற்ற வாசிப்பு பெரும்பாலும் அங்கே போய் அடைந்துகொண்டது.

சரி, கார்சியா. 1971 அக்டோபரில் வந்த கீத் காட்சோ வாசித்தது பியானோ. தட்டியதும் சுரம் தேய்ந்துவிடும். அந்த இடைவெளியில் கிதார் நுழையலாம். 1979இல் அவர் இடத்துக்கு வந்த பிரெண்ட் மிட்லண்டின் ஹாமண்ட் ஆர்கனிலோ விரலை எடுக்கும்வரை சுரம் நிற்கும். கார்சியா அதன் மேல் ஏறி வாசிக்க வேண்டியிருந்தது. (மிட்லண்டின் பாட்டுக்காக இதை நான் மன்னித்துவிடுவேன்.)

‘லைவ்/டெட்’ ஆல்பத்தின் 1969 ‘டார்க் ஸ்டாரில்’ இரண்டு ட்ரம்மர்களும் இருந்தார்களே என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள். இருந்தார்கள். ஆனால் அதில் நெடுநேரம் ட்ரம் கிட் அடங்கியே இருக்கிறது; குய்ரோ என்ற வரிக்கோடு போட்ட தாளக்கருவியை உரசும் சத்தம்தான் முன்னால் கேட்கிறது. அதைக் கேட்டுவிட்டு, 1972 ஆகஸ்ட் 27 வெனீட்டா கச்சேரியின் ‘டார்க் ஸ்டாரை’ க்ரூட்ஸ்மனை மட்டும் கவனித்துக் கேளுங்கள். பிறகும் கார்னெல்தான் என்றால் எழுதுங்கள், சண்டை போடலாம்.