தோம்ஸ்குக்குப் போக தைகாவில் ஏன் மாற வேண்டும்?

கேள்வி: என் மகனுக்குச் சைபீரியாவின் தோம்ஸ்க் நகரில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. நோவசிபீர்ஸ்க் வரை விமானத்தில் போய், அங்கிருந்து ரயிலில் தைகா என்ற ஊரில் வண்டி மாற வேண்டும் என்கிறார்கள். தோம்ஸ்க் வணிகர்கள் லஞ்சம் தர மறுத்ததால்தான் சைபீரியாவைக் கடந்து செல்லும் முதன்மை ரயில் பாதை அவ்வூரை ஒதுக்கிவிட்டுப் போனதாகவும், அன்றுமுதல் ஊரே நொடித்துவிட்டதாகவும் ஒருவர் சொன்னார். இது உண்மையா? ஆறு ஆண்டுகள் பிள்ளையை விட்டுவைக்கத் தக்க ஊர்தானா?

பதில்: லஞ்சக் கதையை அந்த ஊர்க்காரர்களே சுவையாகச் சொல்வார்கள். வண்டிக்காரர்கள் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சி ரயிலை எதிர்த்தார்கள் என்று அதற்கு இன்னொரு வடிவமும் உண்டு. ஆனால் பாதை விலகிப் போனதற்கு ஆற்றின் போக்கே போதுமான காரணம். மேற்கிலிருந்து வரும் பாதை ஓப் என்னும் பெருநதியைக் கடந்தாக வேண்டும். முதலில் பேசப்பட்ட கொலிவான் பகுதியில் அந்நதி வெள்ளக் காலத்தில் வெகுதூரம் பரந்து ஓடும். அதற்குத் தெற்கே கிரிவஷ்சோகவோ கிராமத்தருகே, கரைகள் நெருங்கிப் பாறைப் படுகை அமைந்த இடத்தை, 1891இல் பொறியாளர் காரின்-மிகைலோவ்ஸ்கியின் அளவைக் குழு பாலத்துக்கு ஏற்றதாகக் கண்டது. பாலம் அங்கே என்று முடிவானதும், வடகிழக்கே சதுப்பும் காடுமாகக் கிடந்த நிலத்தில் தோம்ஸ்க் வரை வளைந்து போவது வீண் செலவாகிவிட்டது. பாலம் கட்ட வந்தவர்களின் குடியிருப்பாக 1893இல் தோன்றிய ஊர்தான் இன்று 15 லட்சம் பேருக்கு மேல் வாழும் நோவசிபீர்ஸ்க். தோம்ஸ்குக்குக் கிடைத்ததோ 1896இல் தைகாவிலிருந்து போடப்பட்ட, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளக் கிளைப் பாதை. உங்கள் மகன் வண்டி மாறப்போவது அதில்தான்.

ஆகவே நீங்கள் விமானத்தில் இறங்கும் பெருநகரம், போய்ச் சேரும் ஊரைவிட 289 ஆண்டு இளையது. அப்பகுதியில் வாழ்ந்த யூஷ்தா தாத்தாரியர் என்ற இனக்குழுவின் தலைவர் தோயான், அண்டையிலிருந்து வந்த கொள்ளைத் தாக்குதல்களுக்கு அஞ்சி மாஸ்கோ சென்று பாதுகாப்புக் கோரினார். அதை ஏற்று ஜார் போரிஸ் கொதுனோவ் இட்ட கட்டளைப்படி, கவ்ரீலா பிசெம்ஸ்கியும் வசீலி தீர்க்கொவும் 1604இல் தோம் ஆற்றின் வலக்கரை மேட்டில் மரக்கோட்டை எழுப்பினார்கள். 1804இல் அது ஒரு மாகாணத்தின் தலைநகராயிற்று. 1830களில் சுற்றுவட்டாரத்தில் தங்கம் எடுக்கத் தொடங்கியதும், மாஸ்கோவிலிருந்து கிழக்கே சென்ற பெருஞ்சாலை ஊர் வழியாகப் போனதும் வணிகர்களைச் செழிக்க வைத்தன. அரசு நாடு கடத்திய அரசியல் கைதிகளும் இங்கே தங்கினார்கள். புரட்சியாளர் பக்கூனின் அவர்களுள் ஒருவர்.

உங்கள் மகனுக்கு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி, ரயிலுக்கு முன்பே வந்துவிட்ட ஒன்று. உரால் மலைக்குக் கிழக்கே முதல் பல்கலைக்கழகம் அமைக்க 1878இல் ஆணை பிறந்தது; பத்து ஆண்டுகள் கழித்து, 1888இல், அது ஒரே ஒரு துறையுடன் திறக்கப்பட்டது. அந்தத் துறை மருத்துவம். 1930இல் அது தனி மருத்துவக் கல்லூரியாகப் பிரிந்தது. தொழில்நுட்பக் கல்விக்கும் 1900 முதலே இங்கே தனி நிறுவனம் உண்டு. நொடித்த ஊர் என்று சொல்பவர், சரக்கு வணிகத்தில் நேர்ந்த இழப்பை மட்டும் பார்க்கிறார். இருபதாம் நூற்றாண்டில் தோம்ஸ்க் கல்வியால் பிழைத்த ஊர். சோவியத் ஆட்சியில் 1925இல் மாகாணத் தலைநகர் என்ற தகுதி பறிபோய், 1944இல் தனி மாவட்டத்தின் தலைமையிடமாகத் திரும்பியது. இன்று சுமார் ஐந்தரை லட்சம் பேர் வாழ்கிறார்கள். தெருவில் எங்கு திரும்பினாலும் மாணவர்கள்.

வளர்ச்சி வேகமாக வராததில் ஒரு நன்மையும் இருந்தது என்பது என் எண்ணம்: பழைய மரவீடுகள் பல இடிபடாமல் தப்பின. கிராஸ்னஆர்மெய்ஸ்கயா தெருவில் 68ஆம் எண் வீட்டின் கூரையிலிருந்து மரத்தில் செதுக்கிய டிராகன் தலைகள் தெருவை எட்டிப் பார்க்கும். எதிர்ப்பக்கம் 71ஆம் எண்ணில், வணிகர் கோலவானொவ் கட்டிய வீட்டின் சன்னல்களைச் சுற்றி மரம் சரிகைத் துணிபோல் இழையோடும். ஆற்றங்கரையில் செருப்பில்லாமல், பெரிய பாதங்களுடன் நிற்கும் ரஷ்ய எழுத்தாளர் செகாவின் சிலையையும் பார்க்கச் சொல்லுங்கள். 1890இல் கிழக்கே சகலின் தீவுக்குப் போகும் வழியில் இங்கே தங்கிய அவர் ஊரைக் கேவலமாக எழுதிவிட்டுப் போனார். நகரின் 400ஆவது ஆண்டான 2004இல், குடித்துவிட்டுச் சாக்கடையில் கிடப்பவன் கண்ணுக்கு அவர் எப்படித் தெரிவாரோ அப்படிச் சிலை வைத்து ஊர்க்காரர்கள் கணக்குத் தீர்த்தார்கள்.

பயணத்துக்கு வருவோம். மாஸ்கோ–விளாதிவொஸ்தோக் நெடுந்தூர வண்டிகள் தோம்ஸ்குக்குள் வருவதில்லை. பயணச்சீட்டில் போய்ச்சேரும் இடம் ‘தைகா’ என்றிருந்தால் அங்கிருந்து வேறு வண்டி பிடிக்க வேண்டும், ‘தோம்ஸ்க்-1’ என்றிருந்தால் வண்டி நகருக்கே வரும். 2018 ஆகஸ்ட் முதல் சீட்டுகளில் மாஸ்கோ நேரம் அல்ல, உள்ளூர் நேரமே அச்சிடப்படுகிறது. அது நம் நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் கூடுதல்: இங்கே மதியம் 12 என்றால் அங்கே 1.30. பெட்டிகளோடு முதல்முறை போகும் பிள்ளைக்கு, நோவசிபீர்ஸ்கிலிருந்து சாலை வழியே சுமார் 260 கிலோமீட்டர் செல்லும் நேரடிப் பேருந்தையே நான் சொல்வேன். தைகா வழிப் பயணத்தை அடுத்த விடுமுறைக்கு வைத்துக்கொள்ளட்டும்.