கேள்வி நேரம்: வத்திக்கான்

கே: உதகை ஆயரை (பிஷப்பை) நியமிப்பது வத்திக்கான் அரசா, திருப்பீடமா? இரண்டும் ஒன்றுதானே?
வாசகர், குன்னூர்

ப: இரண்டும் வேறு. திருப்பீடம் என்பது திருத்தந்தையின் (போப்பின்) ஆட்சிப்பீடம். பல நூற்றாண்டுப் பழைமை உடையது. அது காலூன்றக் கிடைத்த நிலம்தான் வத்திக்கான் நகர அரசு. அதற்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை. 1955-இல் உதகை மறைமாவட்டத்தை (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள திருச்சபைப் பகுதியை) நிறுவியதும் அதற்கு ஆயர்களை நியமிப்பதும் திருப்பீடமே. டெல்லியில் தூதரகம் வைத்திருப்பதும், 1964 முதல் ஐ.நா.வில் பார்வையாளராக இருப்பதும் அதுவே. செய்திகளில் எல்லாவற்றையும் ‘வத்திக்கான்’ என்று எழுதிவிடுவதால்தான் இந்தக் குழப்பம்.

நிலம் எதற்கு என்று கேட்கலாம். மத்திய இத்தாலியில் பெரும்பரப்பைத் திருத்தந்தையர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார்கள். 1870 செப்டம்பர் 20 அன்று இத்தாலியப் படை ரோமுக்குள் நுழைந்ததும் அந்த ஆட்சி போயிற்று. அந்த இழப்பை அடுத்து வந்த திருத்தந்தையர் ஏற்கவே இல்லை. வத்திக்கான் எல்லையைத் தாண்டாமல் உள்ளேயே இருந்தார்கள். 58 ஆண்டுகளுக்கு மேல் இழுத்த இந்தப் பிணக்கு, 1929 பிப்ரவரி 11-இல் லாத்தரன் ஒப்பந்தத்தால் தீர்ந்தது. திருத்தந்தை பதினோராம் பயஸ் சார்பில் கர்தினால் காஸ்பாரியும், இத்தாலி சார்பில் முசோலினியும் கையெழுத்திட்டார்கள். கிடைத்தது 44 ஹெக்டேர்; நம் ஊட்டி தாவரவியல் பூங்காவைப் போல இரண்டு மடங்கு, அவ்வளவுதான். ஆனால் எந்த நாட்டு அரசுக்கும் கட்டுப்படாமல் திருத்தந்தை பேச அந்த இடம் போதும்.

கே: வத்திக்கானில் பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை உண்டா?
வாசகி, கோத்தகிரி

ப: பிறந்ததால் மட்டும் கிடைக்காது. பணியை ஒட்டித்தான் குடியுரிமை. பணி முடிந்தால் அதுவும் முடியும்.

கே: குடும்பத்தோடு ரோம் போகிறோம். வத்திக்கானுக்குத் தனி விசா வேண்டுமா?
வாசகர், உதகை

ப: வேண்டாம். இத்தாலிக்குள் நுழைய எடுக்கும் ஷெங்கன் விசாவே போதும். பேதுரு பேராலயத்துக்குக் கட்டணம் இல்லை. சோதனை வரிசைதான் நீளம், காலையிலேயே போய்விடுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அரைக்கால் சட்டையோடு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். குவிமாடத்துக்கு 551 படிகள். லிஃப்டில் மேல்தளம் வரை போனாலும் 320 படி மிச்சம். மேலே போகப்போகச் சுவர் சாய்ந்து வழி குறுகும் என்பதால், மூட்டுவலியோ மூச்சிரைப்போ உள்ள பெரியவர்கள் மேல்தளத்தோடு நின்றுகொள்வது நல்லது.

ஊருக்கு அஞ்சலட்டை அனுப்பும் ஆசை இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். வத்திக்கான் தபால்தலை ஒட்டிய அட்டையை வத்திக்கான் அஞ்சல்பெட்டியில்தான் போட வேண்டும். சதுக்கத்தைத் தாண்டி வந்து ரோம் நகரப் பெட்டியில் போட்டால், அந்தத் தபால்தலை அங்கே செல்லாது.