நாலாவது இடம்

வணக்கம் அண்ணா,

பேஸ்போலின் 2025 உலகத் தொடரில் நம் ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் டொட்ஜர்ஸிடம் தோற்று மூன்று கிழமையாகிவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை. நீங்கள் புளூ ஜேய்ஸ் ரசிகர் என்று உங்கள் கட்டுரைகளில் அங்கங்கே எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் கேட்கிறேன். 2026 பருவத்துக்கான துடுப்பாட்ட வரிசை எப்படி இருக்க வேண்டும்? என் கருத்து மூன்று. ஒப்பந்தம் முடிந்த போ பிஷெட்டை என்ன விலை கொடுத்தாவது வைத்திருக்க வேண்டும். வயதாகிவிட்ட ஜோர்ஜ் ஸ்பிரிங்கரை முதல் இடத்திலிருந்து கீழே இறக்க வேண்டும். 44 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடித்து நாலு பேஸும் சுற்றி வருவது) அடித்த அந்தனி சான்டன்டேர் நலமாகி வந்ததும் நாலாவது இடத்தை அவருக்குக் கொடுக்க வேண்டும். என்ன சொல்கிறீர்கள்?

கே., ஸ்காபரோ

அன்புத் தம்பி கே.,

எனக்கும் ஆறவில்லை. ஏழாவது ஆட்டம் ரொறன்ரோவில் நள்ளிரவு தாண்டி முடிந்தது, ஞாபகம் இருக்கும். அன்றைக்குத்தான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைக்கும் இரவு. தூங்காமல் கிடக்க ஒரு மணி நேரம் இனாமாகக் கிடைத்தது.

உங்கள் மூன்று கருத்துகளில் முதலாவதில் பாதி உடன்பாடு. மற்ற இரண்டிலும் இல்லை. சண்டைக்கு வராமல் கேளுங்கள்.

ஸ்பிரிங்கரிலிருந்து தொடங்குகிறேன். 2024இல் அவர் சராசரி .220, அதாவது ஆயிரம் முயற்சிக்கு 220 ஹிட். அந்த வருடம் 74 வெற்றி, 88 தோல்வியோடு அணி தன் பிரிவில் கடைசி. 2025இல் அதே மனிதர் .309 அடித்தார், 32 ஹோம் ரன். அணிக்கு 94 வெற்றி. அடுத்த பருவத்தில் அவருக்கு 36 வயது, ஒப்பந்தத்தின் கடைசி வருடமும் அதுதான். உலகத் தொடரின் நடுவில் விலாப் பக்கம் பிடித்துக்கொண்டு இரண்டு ஆட்டங்கள் வெளியே இருந்தார். அதனால் உங்கள் பயம் நியாயமானது. .309 திரும்ப வரும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

ஆனாலும் அவர் முதல் இடத்தில்தான் இருக்க வேண்டும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு ஒன்பதாவது ஆள் என்றால் வால் பகுதி. இங்கே வால் என்று ஒன்று கிடையாது; ஒன்பது முடிந்தால் மறுபடியும் ஒன்று. உலகத் தொடருக்கு முந்தைய சுற்றில் சியாட்டில் அணியோடு ஆடிய கடைசி ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸை நினைத்துப் பாருங்கள். 3-1 என்று பின்னால் நிற்கிறோம். பார்ஜர் ‘வோக்’ (நாலு பந்து பிசகினால் கிடைக்கும் இலவச நடை) வாங்கி முதல் பேஸுக்குப் போகிறார். கைனர்-ஃபலேஃபா ஒரு பேஸ் ஓடும் சிங்கிள். ஒன்பதாவது ஆளான ஹிமெனெஸ் மெல்லத் தட்டி, தான் ஆட்டமிழந்து, இருவரையும் முன்னால் நகர்த்துகிறார். அடுத்து வந்தவர் ஸ்பிரிங்கர். ஹோம் ரன், அதில் மூன்று ரன், 4-3, அணி உலகத் தொடரில். ஸ்பிரிங்கரை ஐந்தாவது இடத்தில் வைத்திருந்தால் அந்த நேரத்தில் அவர் இருக்கையில் உட்கார்ந்து விதை கொறித்துக்கொண்டிருப்பார்.

இன்னொரு கணக்கும் உண்டு. வரிசையில் ஓர் இடம் கீழே இறங்கினால் ஒரு பருவத்தில் கிட்டத்தட்ட 18 தடவை துடுப்போடு நிற்கும் வாய்ப்பு குறைகிறது. நல்ல கண் உள்ளவனுக்கு அந்த வாய்ப்பைக் குறைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. மே மாதம் வரைக்கும் பார்ப்போம். கை இறங்கினால் அப்போது இறக்கலாம்.

சான்டன்டேர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் சொல்லும் 44, 2024இல் பால்டிமோருக்காக அடித்தது. நம்மிடம் வந்து 54 ஆட்டம், .175, ஆறு ஹோம் ரன். தோள் படுத்திய பாடு. நீங்கள் 44ஐப் பார்க்கிறீர்கள், நான் தோளைப் பார்க்கிறேன். ஆறாவது அல்லது ஏழாவது இடத்தில் தொடங்கட்டும். அதோடு களத்தில் நின்று பந்து பிடிக்க வேண்டாத, துடுப்பு மட்டும் பிடிக்கும் இடத்தில் பெரும்பாலும் ஸ்பிரிங்கர் இருக்கிறார். இருவரையும் ஒரே நாளில் அங்கே உட்காரவைக்க முடியாது. சான்டன்டேர் களத்தில் நின்று பந்து பிடிக்கத்தான் வேண்டும்.

இப்போது பிஷெட். இங்கேதான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன்.

பிஷெட்டும் விளாடிமிர் குரேரோ ஜூனியரும் 2019இல் ஒன்றாக மேலே வந்த பிள்ளைகள். இருவருடைய அப்பாமாரும் இதே ஆட்டத்தில் பெரிய பெயர். விளாடிக்கு 2025 ஏப்ரலில் 14 வருடத்துக்கு 500 மில்லியன் டொலர் கொடுத்தாயிற்று. பிஷெட்டுக்கு ஒரு வருடத்துக்கு 22 மில்லியன் சொச்சம் என்று நீட்டியதை அவர் வேண்டாம் என்றுவிட்டார். நானும் அதைத்தான் செய்திருப்பேன். .311 அடித்தவன் ஏன் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும்?

அவர் போனால் தடுப்பாட்டத்துக்கு நட்டமில்லை. செப்டெம்பரில் முழங்கால் அடிபட்டு அவர் விழுந்த பிறகு அவருடைய இடமான ஷோர்ட்ஸ்டொப்பில் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே) ஹிமெனெஸ் நின்றார், ஒரு பந்தும் சும்மா போகவில்லை என்றே எனக்குத் தோன்றியது. கிளெமென்ட் இரண்டாவது பேஸுக்குப் பழக்கமானவர். ஆக, இடத்தை நிரப்ப ஆள் உண்டு. துடுப்பாட்ட வரிசையில் விளாடிக்குப் பின்னால் நிற்கத்தான் ஆள் இல்லை.

பேஸ்போலில் ஒரு வினோதம் உண்டு. எதிரே நிற்பவன் பயங்கரமான ஆளென்றால், ஒரு பந்துகூட எறியாமல் கையைக் காட்டி, ‘நீ முதல் பேஸுக்குப் போ ராசா’ என்று அனுப்பிவிடலாம். எங்கள் அம்மாவுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. “பயந்தாங்கொள்ளி விளையாட்டு” என்பார். அப்படி அனுப்புவதா, எறிந்து பார்ப்பதா என்பதைத் தீர்மானிப்பது விளாடி இல்லை, அவருக்குப் பின்னால் வரும் ஆள்.

அது எப்படிப்பட்ட இடம் என்பதை ஏழாவது ஆட்டத்திலேயே பார்த்தோம். பிஷெட் அன்று நாலாவதாக ஆடினார். எதிரணி டொட்ஜர்ஸின் ஒஹ்டானி எறிந்த பந்தில் மூன்று ரன் அடித்தார். ஒன்பதாவது இன்னிங்ஸில் அவர் பேஸை எட்டியதும், கால் சரியில்லாததால் அவருக்குப் பதிலாக ஓட கைனர்-ஃபலேஃபாவை விட்டார்கள். ஓடியவர் வீட்டுப் பேஸில் மயிரிழையில் ஆட்டமிழந்தார். அதைப் பற்றி உங்கள் கூட்டாளிகள் எல்லோரும் இன்னும் கதைத்துக்கொண்டிருப்பார்கள். நான் கதைப்பது அதற்குப் பிறகு நடந்ததை. இந்த ஆட்டத்தில் வெளியே போனவன் திரும்பி வர முடியாது. பதினோராவது இன்னிங்ஸ், ஒரு ரன் பின்னால். விளாடி இரண்டு பேஸ் ஓடும் டபிள் அடித்து இரண்டாவது பேஸில் நிற்கிறார். அடுத்து நாலாவது இடம். பிஷெட் இல்லை. கைனர்-ஃபலேஃபா வந்து, பந்தை மெல்லத் தட்டி விளாடியை மூன்றாவதுக்கு நகர்த்தினார். பார்ஜருக்கு வோக். கேர்க்கின் துடுப்பு முறிந்து பந்து எதிரணியின் பெட்ஸிடம் போக, டபிள் பிளே, ஒரே பந்தில் இருவர் ஆட்டமிழப்பு. முடிந்தது. பிஷெட் நின்றிருந்தால் வென்றிருப்போம் என்று சொல்லவரவில்லை. அடுத்த வருடம் 162 ஆட்டங்களிலும் அந்தப் பதினோராவது இன்னிங்ஸைப் பார்க்க வேண்டி வருமோ என்பதுதான் கவலை.

அப்படியானால் ‘என்ன விலை கொடுத்தாவது’ என்பதற்கு ஏன் பாதி உடன்பாடு மட்டும்? இந்த அணி ஒரு பெரிய கையால் ஓடியதில்லை. 2025இல் 30 அணிகளிலும் குறைவாக ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேறுவது) ஆனது நாம்தான்; .265 என்ற அணிச் சராசரியும் எல்லோரையும்விட மேல். பொப்கின்ஸ் துடுப்பாட்டப் பயிற்சியாளராக வந்த முதல் வருடத்திலேயே இது. கிளெமென்ட் பருவத்துக்குப் பிந்தைய பிளேஓஃப் ஆட்டங்களில் 30 ஹிட் அடிப்பார், யாரும் அடிக்காத எண்ணிக்கை அது என்று 2025 மார்ச்சில் நீங்களோ நானோ எழுதியிருப்போமா? பிஷெட்டுக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுத்தால் 2026க்குப் பிறகு வார்ஷோவை வைத்திருக்கக் காசு இருக்குமா என்றும் பார்க்க வேண்டும்.

பிஷெட் போய்விட்டார் என்று வைத்துக்கொண்டு என் வரிசை: ஸ்பிரிங்கர், விளாடி, வார்ஷோ, கேர்க், பார்ஜர், சான்டன்டேர், லூக்ஸ், கிளெமென்ட், ஹிமெனெஸ். விளாடியை இரண்டாவதுக்கு ஏற்றியதைக் கவனித்திருப்பீர்கள். ஸ்பிரிங்கர் முன்னால் பேஸில் நின்றால் விளாடியைச் சும்மா அனுப்புவது சுலபமில்லை. பின்னால் இடக்கைக்காரர் வார்ஷோ. 71 ஆட்டத்தில் 20 ஹோம் ரன் அடித்தவர். .238தான், ஆனால் பந்தெறியும் பிட்சருக்கு வயிற்றைக் கலக்கும். இடக்கை பிட்சர் வரும் நாட்களில் லூக்ஸுக்கும் பார்ஜருக்கும் ஓய்வு கொடுத்து வலக்கைக்காரரை மேலாளர் ஷ்னைடர் இறக்குவார். அந்த விளையாட்டை அவரிடமே விட்டுவிடலாம்.

நாலாவதில் கேர்க். அவர் நிதானமாக ஆடுபவர், .282. ஆனால் ஓட்டம்? எங்கள் மாமா கடைக்குப் பால் வாங்கப் போவதைப் போல. டபிள் பிளேக்கு அவரைவிட வசதியான ஆள் கிடையாது. அதனால் அவர் பெயரைப் பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன். பிஷெட் கையெழுத்துப் போட்டதாக உங்களுக்கு முதலில் தெரிந்தால் நடுச்சாமம் என்றாலும் ஒரு வரி அனுப்புங்கள். அழிறப்பர் பக்கத்திலேயே இருக்கிறது.