கும்பகோணம் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் செஸ் போட்டி நடத்த என்னென்ன வேண்டும்?

100 பிள்ளைகள் வரை வருவார்கள், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்க வேண்டும், கோப்பைக்கு ஆள் பிடித்தாயிற்று, வேறென்ன தேவை என்று கேட்டிருக்கிறீர்கள். கோப்பையால் எந்தப் போட்டியும் கெட்டதில்லை. நேரக் கணக்கு தப்புவதாலும் ரிசல்ட் மாறி ஏறுவதாலும்தான் கெடுகிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ரேட்டிங் (ஆட்டக்காரரின் தரப்புள்ளி) இல்லாத பள்ளி அளவுப் போட்டிக்கான பதில். ரேட்டிங் போட்டிக்கு முன்பதிவு, தகுதி பெற்ற ஆர்பிட்டர் (நடுவர்) என்று தனி நடைமுறை இருக்கிறது. அதை எடுத்து வைத்துக்கொண்டு யாரும் இங்கே வாதத்துக்கு வர வேண்டாம்.

தேதியை ஆடியில் வையுங்கள். ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை கல்யாணம் இல்லாததால் மண்டபம் கிடைக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம், காலாண்டுத் தேர்வும் இன்னும் வந்திருக்காது. ஆடிப்பெருக்கை ஒட்டிய ஞாயிறு மட்டும் வேண்டாம், நம் பக்கத்தில் குடும்பமே ஆற்றங்கரையில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வைத்தால் மழைக்குப் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஆடியில் ஒரு தொல்லை காற்று. யார் யாரோடு ஆடுவது என்று காட்டும் பேரிங் தாளை நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டுங்கள். சுருண்டு நிற்கும் வினைல் போர்டுகளை முதல் நாள் இரவே எதிர்ப்பக்கமாகச் சுருட்டி வைத்தால் காலையில் மேசையில் படிந்து நிற்கும்.

பந்தி மேசையை நம்பாதீர்கள். அகலம் ஒன்றரை அடி இருந்தால் அதிகம். கட்டம் ஒன்று 5.5 சென்டிமீட்டர் என்றால் எட்டுக் கட்டத்துக்கே 44 சென்டிமீட்டர் ஆகிவிடும், ஓரத்தோடு 50. வெட்டிய காய்க்கும் கடிகாரத்துக்கும் இடம் எங்கே? இரண்டு மேசையின் நீளப் பக்கங்களை ஒட்டிப் போடுங்கள். 50 போர்டுக்கு 52 செட் வாங்குங்கள், தனியாகக் கறுப்பிலும் வெள்ளையிலும் பத்துப் பத்து ராணி எடுத்து வையுங்கள். சிப்பாய் கடைசி வரிசைக்குப் போய் ராணியாகும்போது ராணி கைக்குக் கிடைக்காவிட்டால் பிள்ளைகள் யானையைத் தலைகீழாக வைத்து ராணி என்பார்கள். ஆர்பிட்டர் கணக்கில் அது யானைதான். அப்புறம் அழுகை, அப்பாக்கள் சண்டை.

100 பேரையும் ஒன்றாகப் போட்டால் ஸ்விஸ் முறையில், அதாவது ஒவ்வொரு ரவுண்டிலும் ஏறக்குறையச் சம புள்ளி உள்ளவர்களை மோதவிடும் முறையில், 7 ரவுண்டு வேண்டும். முழு வெற்றியோடு நிற்பவர்கள் ஒவ்வொரு ரவுண்டிலும் ஏறக்குறையப் பாதியாவார்கள். 11 வயது வரை ஒரு பிரிவு, அதற்கு மேல் ஒரு பிரிவு என்று 50, 50 ஆகப் பிரித்தால் 6 ரவுண்டு போதும். 9, 11, 13, 15 என்று ஆண் பெண் தனித்தனியாக எட்டுப் பிரிவு போடுகிறவர்கள் உண்டு. அதில் ஒரு பிரிவுக்கு ஆறே பேர் வந்தால் ஒருவருக்கு ஐந்து எதிராளிதான், ஸ்விஸ்ஸில் ஒரே ஜோடி இரண்டு முறை மோதக் கூடாது, ஆறாவது ரவுண்டுக்கு ஆளே இருக்காது. சேர்த்து விளையாட விட்டுப் பரிசை மட்டும் வயது வாரியாகப் பிரியுங்கள். வயது ஜனவரி 1 கணக்கில். 2025-ல் 13 வயதுப் பிரிவென்றால் 1.1.2012 அன்றோ அதன் பிறகோ பிறந்திருக்க வேண்டும். நோட்டீஸில் தேதியாகவே போட்டுவிடுங்கள்.

நேரத்துக்கு 10 நிமிடம், நகர்த்தலுக்கு 5 விநாடி கூடுதல் என்று வையுங்கள். 60 நகர்த்தலுக்கு ஒருவருக்கு 15 நிமிடம், இருவருக்கும் சேர்த்து அரை மணி. ரிசல்ட் ஏற்ற, பேரிங் ஒட்ட 15 நிமிடம் விட்டால் ரவுண்டுக்கு 45 நிமிடம், 6 ரவுண்டு நாலரை மணி நேரம். ஒன்பதரைக்குத் தொடங்கினால் சாப்பாட்டு இடைவேளை 45 நிமிடம் போக மூன்றுக்குள் ஆட்டம் முடிந்துவிடும், பாபநாசம், திருவையாறு பிள்ளைகள் வெளிச்சத்திலேயே பஸ் ஏறுவார்கள். 15 நிமிடமும் 10 விநாடியும் என்று வைத்தால் ரவுண்டு ஒரு மணியைத் தாண்டும். 50 டிஜிட்டல் கடிகாரம் கிடைக்காவிட்டால், 20 நிமிடம் ஆகியும் முடியாத போர்டில் தலா 5 நிமிடம் வைத்துக் கடிகாரம் போடலாம். அதை முதல் ரவுண்டுக்கு முன்பே மைக்கில் சொல்லியிருக்க வேண்டும்.

இவ்வளவையும் தொடக்க விழா தின்றுவிடும். ஆனந்த் பிறந்தது மயிலாடுதுறையில், ஈசனே சதுரங்கம் ஆடிய தலம் நீடாமங்கலம் பக்கத்துத் திருப்பூவனூர், 2022-ல் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தது. எல்லாம் உண்மை, எனக்கும் பெருமைதான். ஆனால் மூன்று பேர் அதையே பேசினால் ஒரு ரவுண்டு போய்விடும். பேச்சைப் பரிசளிப்புக்குத் தள்ளுங்கள், காலையில் ஒரு நகர்த்தல் செய்து தொடங்கிவைத்தால் போதும்.

பெயர்ப்பதிவைச் சனிக்கிழமை மாலையோடு மூடுங்கள். ஒற்றைப்படையாக ஆள் வந்தால் ஒருவருக்கு எதிராளி இல்லை (இதைத்தான் 'பை' என்பார்கள்), ஒரு புள்ளி சும்மா போகும், அடுத்த பெற்றோர் கேட்பார். பிரிவுக்கு ஓர் உள்ளூர்ப் பிள்ளையைத் தயாராக வைத்திருங்கள். தேவைப்பட்டால் ஆடட்டும், பரிசுக் கணக்கில் சேராது. தாமத நேரத்தை நோட்டீஸில் எழுதாவிட்டால் விதிப்படி தொடக்க நேரத்தில் இல்லாதவர் தோற்றவர். நம் பஸ்களை நினைத்து 10 நிமிடம் என்று போடுங்கள்.

அதிகம் கெடுவது ரிசல்ட். நிறம் மாறி உட்கார்ந்திருப்பார்கள், ஜெயித்தவன் பெயர் எதிர்ப்பக்கம் ஏறிவிடும். பத்துப் பன்னிரண்டு போர்டுக்கு ஓர் ஆள் நிற்கட்டும், தொடங்கியதும் பெயரையும் நிறத்தையும் சரிபார்க்கட்டும். இருவரும் 10 நகர்த்தல் முடிப்பதற்குள் கண்டுபிடித்தால் நிறுத்தி, சரியான நிறத்தில் புது ஆட்டம். அதற்குப் பிறகென்றால் ஆட்டம் தொடரும், ரிசல்ட்டை ஏற்றும்போது கவனம். முடிந்ததும் காயைக் கலைக்காமல் கை தூக்கச் சொல்லுங்கள். ஒற்றை ராஜா ஏ8 மூலையில், எதிராளி ராணியை பி6-லோ சி7-லோ வைத்துவிட்டு "மேட்" என்று கத்துவான். செக்கே இல்லை, ராஜாவுக்குப் போக இடமும் இல்லை, அது ஸ்டேல்மேட், அரைப் புள்ளி. அதற்குள் காய்களை வாரிவிட்டால் எதை வைத்துத் தீர்ப்பு சொல்வது? இருவர் கையெழுத்தோடு சீட்டு வாங்கி, ஒருவர் படிக்க ஒருவர் ஏற்றுங்கள். அடுத்த பேரிங்குக்கு முன் புள்ளிப் பட்டியல் 5 நிமிடம் சுவரில் இருக்கட்டும், சந்தேகம் இருப்பவர் அப்போதே சொல்ல வேண்டும்.

சமநிலை பிரிக்கும் வரிசையும் நோட்டீஸில் இருக்க வேண்டும்: நேரடி ஆட்டம், புக்கோல்ஸ் கட் 1, புக்கோல்ஸ். புக்கோல்ஸ் என்பது நாம் ஆடிய எதிராளிகளின் மொத்தப் புள்ளி, கட் 1-ல் அதில் மிகக் குறைந்த ஒருவரைக் கழித்துவிடுவார்கள்.

விளையாடும் பிள்ளைக்கு: காயைத் தொட்டால் அதைத்தான் ஆட வேண்டும். காய் நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்து. கோட்டை கட்டும்போது (காஸ்லிங்) இரண்டு கை கூடாது. சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனதும் ராணியை வைத்துவிட்டு அழுத்து. வைக்காமல் அழுத்தினால் தவறான நகர்த்தல், எதிராளிக்கு 2 நிமிடம் கூடும். இரண்டாவது தவறில் ஆட்டமே போய்விடும். போன் அம்மாவிடம் இருக்கட்டும்.

கேள்விக்கு வெளியேதான், இருந்தாலும் எழுதுகிறேன். இந்தப் பிள்ளைகளுக்கு வாரத்தில் கிடைப்பதே ஓரிரு விளையாட்டு பீரியட். அதையும் பத்தாவது வந்ததும் கணக்குக்கு வாங்கிக்கொள்கிறார்கள். கோப்பை வாங்கினால் மட்டும் பிரேயரில் கைதட்டல். கைதட்டுகிற பள்ளி அந்த பீரியடைத் திருப்பிக் கொடுக்கட்டும்.

நோட்டீஸ் எழுதியதும் அச்சுக்குக் கொடுக்குமுன் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.