ஸ்பீடோமீட்டர் பொய் சொல்கிறதா? கேள்வி பதில்

கார் மீட்டர் காட்டும் வேகம் சரியில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். மீட்டர் பழுது, வண்டியின் மின்வேலை இரண்டும் என் தொழில் என்பதால் பதில்களும் ஒர்க்‌ஷாப் பேச்சாகத்தான் இருக்கும்.

புது கார். மீட்டரில் 100 காட்டும்போது போனில் ஜிபிஎஸ் 95 காட்டுகிறது. கேட்டால் "அப்படித்தான் சார் இருக்கும்" என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

இல்லை சார், இதில் அவர்கள் சொல்வது உண்மைதான். ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 39ஆம் எண் விதியைப் பல நாடுகள் பின்பற்றுகின்றன. அதன்படி மீட்டர் காட்டும் வேகம் நிஜ வேகத்தைவிடக் குறையவே கூடாது. கூடலாம். அதற்கும் ஒரு வரம்பு உண்டு: நிஜ வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதன்மேல் ஒரு 4 கி.மீ. நீங்கள் நிஜமாக 80இல் போகும்போது மீட்டர் 80 முதல் 92 வரை எதைக் காட்டினாலும் விதிப்படி சரி. நிஜ வேகம் 100 என்றால் 114 வரை காட்டலாம்.

புது டயர் மாட்டுவீர்கள், காற்று கூடும், டயருக்கு டயர் அளவும் கொஞ்சம் மாறும். எது எப்படி மாறினாலும் மீட்டர் குறைத்துக் காட்டிவிடக் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் முதலிலேயே கொஞ்சம் கூட்டி வைக்கிறார்கள். கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்பவர்களின் அதே புத்திதான். உங்கள் மீட்டரை அப்படியே விடுங்கள். 100க்கு 95 என்பது நல்ல மீட்டர்.

ஜிபிஎஸ் வேகத்தை நம்பலாமா?

நேரான, வானம் மறைக்காத சாலையில், ஒரே வேகத்தில் பத்துப் பதினைந்து நொடி பிடித்துப் போனால் நம்பலாம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதும் பிரேக் போடும்போதும் ஜிபிஎஸ் எண் கொஞ்சம் பின்தங்கி வரும். அந்த நேரத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பயந்துபோய் வருபவர்கள் நிறைய. சுரங்கப்பாதை, உயரமான கட்டடங்களுக்கு நடுவே, அடர்ந்த மரங்களுக்குக் கீழே எல்லாம் வேண்டாம். போன் சட்டைப்பையில் இருக்கக் கூடாது, முன் கண்ணாடிக்குக் கீழே வானம் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். எண்ணைப் படிப்பது பக்கத்தில் இருப்பவரின் வேலை, ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும்.

ஜிபிஎஸ் இல்லாமல் சோதிக்க வழி?

கிலோமீட்டர் கல்லும் ஸ்டாப்வாட்சும் போதும். 3600ஐ ஒரு கிலோமீட்டருக்கு ஆன நொடிகளால் வகுத்தால் வேகம் வந்துவிடும். மீட்டரில் 80 பிடித்துப் போகிறீர்கள், ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 48 நொடி ஆகிறது என்றால் நிஜ வேகம் 75. ஆனால் ஒரே ஒரு கிலோமீட்டரில் அளந்தால், பொத்தானை ஒரு நொடி முன்பின்னாக அமுக்கினாலே வேகத்தில் ஒன்றரை கி.மீ. வித்தியாசம் வந்துவிடும். கற்களும் எல்லா இடத்திலும் அளவெடுத்து நட்டவை அல்ல. ஐந்து கல் தாண்டும்வரை அதே வேகத்தைப் பிடித்து, மொத்த நொடியை ஐந்தால் வகுத்துப் பாருங்கள்.

அண்ணா, என் கார் 40இல் 5 கூடக் காட்டுகிறது, 100இலும் அதே 5தான் கூட. நண்பனுடையது 40இல் 2, 100இல் 5. இரண்டும் ஒரே மாடல். எது பழுது?

நல்ல கேள்வி தம்பி. மீட்டர் தப்பு என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பதே இதைத்தான்: எந்தெந்த வேகத்தில் எவ்வளவு? ஒரே ஒரு வேகத்தில் பார்த்துவிட்டு வந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. 40, 60, 80, 100 என்று நாலு இடத்தில் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

உங்கள் நண்பனின் மீட்டரில் வித்தியாசம் வேகத்தோடு சேர்ந்து வளர்கிறது, எல்லா வேகத்திலும் சுமார் 5 சதவீதம். சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு எத்தனை மீட்டர் தூரம் என்று வண்டி வைத்திருக்கும் கணக்கிலிருந்து வருவது இது. கம்பெனி கூட்டி வைத்தது, டயர் அளவு, தேய்மானம் எல்லாம் இந்த ரகம். பழுது அல்ல.

உங்களுடையதில் வேகம் மாறினாலும் வித்தியாசம் மாறவில்லை. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். கம்பெனியே கணக்கில் ஒரு நிலையான எண்ணைக் கூட்டியிருக்கலாம், விதியில் அந்த 4 கி.மீ. சும்மா இல்லை. அல்லது முள் தன் இடத்தில் இல்லாமல் இருக்கலாம். முள் அந்தச் சின்ன மோட்டாரின் தண்டில் அழுத்திச் செருகப்பட்டதுதான், திருகாணி எதுவும் கிடையாது. மீட்டரை யாராவது கழற்றி பல்பு மாற்றியோ டயலை மாற்றியோ இருந்தால், திரும்பச் செருகும்போது ஒரு மயிரிழை தள்ளினாலும் தொடக்கம் முதல் கடைசிவரை அதே அளவு தப்பாகக் காட்டும். வண்டி நிற்கும்போது சாவியை ஆன் செய்து பாருங்கள். முள் பூஜ்யக் கோட்டின் மேல் நிற்கிறதா, கொஞ்சம் தாண்டி நிற்கிறதா? தாண்டி நின்றால் முள்தான். மீட்டர் வேலை தெரிந்தவர் கழற்றி மறுபடி சரியாக உட்கார வைத்துவிடுவார். விரலால் தள்ளிச் சரிசெய்யப் போகாதீர்கள், உள்ளே பல்சக்கரம் போய்விடும்.

மூன்றாவது ரகமும் உண்டு: இன்று 3 கூட, நாளை 8 கூட, மழை பெய்தால் குறைவு. இப்படித் தாறுமாறாக இருந்தால் கணக்குப் போட்டுப் பயனில்லை. சென்சார், ஒயர், கேபிள் என்று போக வேண்டியதுதான்.

பெரிய டயர் போட்டேன். இப்போது மீட்டரும் ஜிபிஎஸ்ஸும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. நல்லதுதானே?

பார்க்க நல்லதுபோல் இருக்கும். ஆனால் கம்பெனி விட்டு வைத்த இடைவெளியை நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்கள். டயர் பெரிதானால் ஒரு சுற்றில் வண்டி அதிக தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது, பழைய கணக்கிலேயே எண்ணும். நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டும் பக்கம் நகர்வதுதான் ஆபத்து.

கணக்கு எளிது. 185/65 ஆர்15 என்று எழுதியிருந்தால் டயரின் அகலம் 185 மி.மீ. பக்கச் சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது 120.25 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 240.5. ரிம் 15 அங்குலம் என்பது 381 மி.மீ. மொத்த விட்டம் 621.5 மி.மீ. இப்போது 205/65 ஆர்15 போட்டால் விட்டம் 647.5 ஆகிறது, 4 சதவீதத்துக்கு மேல் அதிகம். முன்பு 5 சதவீதம் கூட்டிக் காட்டிய மீட்டர் இப்போது ஒரு சதவீதம்கூடக் கூட்டாது. ஏற்கெனவே 2 சதவீதம் மட்டும் கூட்டிக் காட்டிய வண்டியாக இருந்தால், அது இன்று உங்களை வரம்பு தாண்ட வைக்கும்.

ரிம் பெரிதானாலே மீட்டர் தப்பாகும் என்று நினைப்பதும் சரியல்ல. அதே வண்டிக்கு 195/55 ஆர்16 போட்டால் விட்டம் 620.9 மி.மீ.தான். ரிம் ஒரு அங்குலம் வளர்ந்தது, பக்கச் சுவர் அந்த அளவுக்கு ஒல்லியானது, மீட்டருக்கு வித்தியாசமே தெரியாது. டயர் கடையில் "செட் ஆகும் சார்" என்றால் சக்கர வளைவில் உரசாது என்று மட்டும்தான் அர்த்தம். விட்டத்தை நீங்களே கணக்குப் போட்டு, 3 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

டயர் தேய்ந்தால்?

எதிர்ப்பக்கம். புது டயரின் மேல் உள்ள பள்ளங்கள் சுமார் 8 மி.மீ. ஆழம் இருக்கும். 1.6 மி.மீ. வரை தேய்ந்தால் விட்டத்தில் 12.8 மி.மீ. போய்விடும். மேலே சொன்ன டயருக்கு இது 2 சதவீதம். மீட்டர் இன்னும் கொஞ்சம் கூட்டிக் காட்டும், ஆபத்தில்லை. பழைய டயரில் எடுத்த கணக்கைப் புது டயருக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான்.

காற்றழுத்தம் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். ரேடியல் டயருக்குள் இரும்புப் பட்டை சுற்றியிருப்பதால் சுற்றளவு அவ்வளவாகச் சுருங்காது. காற்றைச் சரியாக வையுங்கள், ஆனால் மீட்டருக்காக அல்ல.

பழைய கார், கேபிள் மீட்டர். குறைந்த வேகத்தில் முள் துள்ளுகிறது, டிக் டிக் என்று சத்தமும் வருகிறது.

கேபிள் வறண்டிருக்கும், அல்லது எங்கேயோ கூர்மையாக மடங்கியிருக்கும். உள்கம்பியை உருவி, துடைத்து, இரு கையிலும் பிடித்து மெதுவாகத் திருகிப் பாருங்கள். ஒரே சீராகச் சுற்ற வேண்டும். நின்று நின்று துள்ளிச் சுற்றினால் மாற்றிவிடுங்கள். நன்றாக இருந்தால் கீழ்ப்பக்கம் மெலிதாகக் கிரீஸ் தடவுங்கள். மேலே மீட்டருக்குள் போகும் முனையை மட்டும் காய்ந்தபடி விடுங்கள். அங்கே கிரீஸ் ஏறினால் வேறு வினை வரும்: உள்ளே சுற்றும் காந்தமும் அதைச் சூழ்ந்த அலுமினியக் கிண்ணமும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க வேண்டியவை. நடுவே கிரீஸ் புகுந்தால் கிண்ணம் ஒட்டி இழுபட்டு, முள் எகிறிப் போகும்.

இந்த ரக மீட்டரில் இன்னொரு அடையாளம். வேகம் தப்பு, ஆனால் ஓடிய கிலோமீட்டர் எண்ணிக்கை சரி என்றால் பழுது மீட்டருக்குள்தான்: காந்தம் பலம் இழந்தால் குறைவாகக் காட்டும், சுருள்வில் தளர்ந்தால் கூடக் காட்டும். இரண்டும் ஒரே விகிதத்தில் தப்பு என்றால் டயர் அல்லது கியர்பாக்ஸில் கேபிளைச் சுற்றும் சின்னப் பல்சக்கரம். கியர்பாக்ஸ் மாற்றிய வண்டிகளில் அந்தப் பல்சக்கரத்தின் பற்களை எண்ணிப் பாருங்கள். பழையதில் இருந்த எண்ணிக்கை இல்லையென்றால் காரணம் அதுதான்.

புது ரக வண்டி. ஓடிக்கொண்டிருக்கும்போதே முள் பூஜ்யத்துக்கு விழுகிறது, ஏபிஎஸ் விளக்கும் எரிகிறது.

மீட்டரைக் கழற்றாதீர்கள், அது பாவம். ஏபிஎஸ் என்பது பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு. பல வண்டிகளில் வேகத்தைச் சொல்வது சக்கரத்தில் இருக்கும் அதன் சென்சார்தான். சென்சார் முனையில் இரும்புத் தூள் அப்பியிருக்கும், அல்லது ஒயர் சக்கரத்தோடு திரும்பித் திரும்பி உள்ளே அறுந்திருக்கும், அல்லது பேரிங் மாற்றும்போது காந்த வளையம் உள்ள பக்கத்தைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் வைத்தால் எந்தச் சக்கரம் என்று பெரும்பாலும் சொல்லிவிடும். ஏபிஎஸ் வேலை செய்யாத வண்டி என்று நினைத்து ஓட்டி, சீக்கிரம் காட்டிவிடுங்கள்.

ஓபிடி ஸ்கேனரில் வேகம் 96, மீட்டரில் 100. எது நிஜம்?

பெரும்பாலும் 96க்குப் பக்கம். ஓபிடி தருவது வண்டியின் கணினி கையில் வைத்திருக்கும் எண், கூட்டல் வேலை பெரும்பாலும் மீட்டருக்குள் நடக்கிறது. ஆனால் டயர் அளவு மாறியிருந்தால் கணினிக்கும் அது தெரியாது.

மீட்டர் கூட்டிக் காட்டினால் ஓடோமீட்டரும் அதிகமாக ஓடுமா? மைலேஜ் கணக்கு தப்பாகுமா?

எலக்ட்ரானிக் மீட்டரில் பொதுவாக இல்லை. வேகத்துக்கு மட்டும்தான் கூட்டல், தூரம் சக்கரத்தின் சுற்றிலிருந்து நேராக எண்ணப்படும். பெரிய டயர் போட்டவர்களுக்குத்தான் குழப்பம்: ஓடோமீட்டர் குறைவாக எண்ணும், மைலேஜ் விழுந்துவிட்டதுபோல் தெரியும். புது விட்டத்தைப் பழைய விட்டத்தால் வகுத்து, வந்த எண்ணால் ஓடிய தூரத்தைப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

மீட்டரைச் சரியாக 100க்கு 100 என்று திருத்தித் தருவீர்களா?

டயர் அளவை மாற்றியிருந்தால், அந்த அளவைக் கணினியில் ஏற்ற வசதியுள்ள வண்டிகளில் செய்வேன். கம்பெனி வைத்த இடைவெளியை எடுக்கச் சொன்னால் செய்ய மாட்டேன். அடுத்த முறை நீங்கள் கொஞ்சம் பெரிய டயர் போட்டால் அது குறைவாகக் காட்டத் தொடங்கிவிடும். கேட்டதோடு ஓடோமீட்டரையும் "கொஞ்சம் பின்னால்" வைக்கச் சொல்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: அது பல நாடுகளில் குற்றம்.

வேகக் கேமராவில் மாட்டிக்கொண்டேன். மீட்டர் தப்பு என்று சொல்லித் தப்பிக்கலாமா?

கேமரா உங்கள் மீட்டரைப் பார்ப்பதில்லை, வண்டியின் நிஜ வேகத்தை அளக்கிறது. கம்பெனி மீட்டர் என்றால் அது கூட்டித்தான் காட்டியிருக்கும், ஆகவே அதைக் காட்டி வாதாடினால் வழக்கு உங்கள் பக்கம் திரும்பாது. குறைத்துக் காட்டியிருந்தால் டயரை மாற்றியது யார் என்ற கேள்வி வரும்.

ஸ்டெப்னி மெல்லிய சக்கரம். அதைப் போட்டபிறகு மீட்டர் ஒரு மாதிரி இருக்கிறதே?

அந்தச் சக்கரம் மற்றவற்றைவிடச் சிறியதாக இருந்தால் அதிக முறை சுற்றும், எங்கே பொருத்தினீர்கள் என்பதைப் பொறுத்து மீட்டர் கூட்டிக் காட்டலாம். அதன் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் வேகத்தைத் தாண்டாதீர்கள், பெரும்பாலும் 80 என்று இருக்கும். நல்ல டயரைப் பஞ்சர் ஒட்டி மாட்டியதும் மீட்டர் பழையபடி வந்துவிடும்.